அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்ற பழமொழியை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தினேன் என்று கணக்கில்லை. அதில் பாதிக்கு மேல் தவறாகத்தான் நடத்தியிருக்கிறேன். பழைய மாணவர்களும் இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கிற கேள்விகளைப் பழைய கடனை அடைக்கிற எண்ணத்தில் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தப் பழமொழிக்கு நேர்ப்பொருள் என்ன?

நாட்டு அத்தி பழுத்து நிற்கும்போது பார்க்க அத்தனை அழகு. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். செம்மஞ்சளில் தொடங்கிச் சிவப்புக்கு ஓடுகிற நிறம். கிளை நுனியில் காய்க்காமல், அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆசையாக ஒன்றைப் பறித்துப் பிளந்தால் உள்ளே பூச்சி ஊரும். வெளித்தோற்றத்தைக் கண்டு ஏமாறாதே என்பது பாடநூல் சொல்லும் பொருள்.

"பிட்டு" என்றால் பிளந்து என்று பொருள். ஒரு பையன் அதைப் புட்டு என்று எடுத்துக்கொண்டு, விடைத்தாளில் தேங்காய்த் துருவல் வரை எழுதியிருந்தான். அரை மதிப்பெண் போட்டேன், பசியோடு எழுதியிருப்பான் என்று.

"அத்தனையும் புழு" சரியா, "அங்கெல்லாம் சொத்தை" சரியா?

இரண்டும் வழக்கில் உண்டு. எதை எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும்.

வீட்டிலும் ஊரிலும் இதை எந்த இடத்தில் சொல்வார்கள்?

இரண்டு இடங்களில், ஒன்றுக்கொன்று எதிரான பொருளில் சொல்வார்கள். பாடநூலில் ஒன்றுதான் இருக்கிறது.

என் அம்மா சொன்னது பாடநூல் பொருளில். புதுச் சுண்ணாம்பு அடித்த வீடு விலைக்கு வந்தால், காரில் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் பேச்சுக்குப் பேச்சு தங்கள் சொத்தைச் சொன்னால், அவர்கள் போன பிறகு இந்தப் பழமொழி வரும். விசாரித்துப் பார், உடைத்துப் பார், பிறகு முடிவு செய் என்று பொருள்.

ஆச்சி சொன்னது வேறு. ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டு மதினி திண்ணைக்கு வந்து, என் சித்தப்பாவுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டைப் பற்றி ஒரு பழைய கதையைக் கொண்டுவந்தாள். பெண்ணின் தாத்தா காலத்தில் ஏதோ கடன், ஏதோ வழக்கு. ஆச்சி வெற்றிலையில் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "விடு மதினி. எந்த வீட்டு அத்திப்பழத்தைப் பிட்டாலும் புழுதான். நம் வீட்டுப் பழத்தை இன்னும் எவரும் பிட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்" என்றாள். கல்யாணம் நடந்தது. அந்தச் சித்தி போல் ஒரு மனுஷி எங்கள் குடும்பத்தில் இல்லை.

அம்மாவின் வாயில் "பிட்டுப் பார்" என்று ஆனது, ஆச்சியின் வாயில் "பிட்டுப் பார்க்காதே" என்று ஆகிவிடுகிறது. எனக்கு ஆச்சி பக்கம்தான் சாய்வு அதிகம். ஆனால் வீடு வாங்கும்போது அம்மா சொன்னபடிதான் செய்தேன்.

இது திருநெல்வேலிப் பழமொழியா?

இல்லை, தமிழ்நாடு முழுவதும் வழங்குகிறது. ஆனால் எங்களுக்கு மரம் பக்கத்திலேயே இருக்கிறது. அத்தி தண்ணீரை விரும்புகிற மரம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியின் கரைகளில் மருதத்தோடு மருதமாக அத்தியும் நிற்கும்.

ஆற்றங்கரை அத்தி தமிழுக்குப் புதிதும் அல்ல. சங்கப் பாடல்களில் அதன் பெயர் அதவம். குறுந்தொகையின் 24ஆம் பாடலில், தன்னைப் பற்றி அலர் பேசும் ஊரார் நாக்கு, ஆற்றங்கரை அத்தியின் ஒற்றைப் பழம் ஏழு நண்டுகள் மிதித்துக் குழைந்ததுபோல் குழையட்டும் என்று தலைவி சபிக்கிறாள். பாடியவர் பரணர். அடுத்த வீட்டுக் கதை பேசும் வாய்க்கும் அத்திப்பழத்துக்கும் உள்ள உறவு ஆச்சியின் திண்ணைக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தையது.

உண்மையிலேயே அத்திப்பழத்துக்குள் புழு இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் பல ஆண்டு தவறான விடை சொன்னேன். "ஆமாம், பழம் அழுகிப் புழு வைத்துவிடும்" என்பேன். ஆற்றோரக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவி மறுநாள் டிபன் பாக்ஸில் நாலைந்து அத்தி கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். அழுகாத பழம், கையில் அழுத்தினால் இன்னும் இறுக்கமாக இருந்தது. அவளே நகத்தால் பிளந்தாள். உள்ளே கறுப்பாகச் சிறு துகள்கள் போல ஏதோ நகர்ந்தன. இரண்டு மூன்று என் வருகைப் பதிவேட்டின் மேல் ஏறிப் பறந்துவிட்டன. அவள் கேட்டாள்: "டீச்சர், புழுவுக்கு இறகு இருக்குமா?"

வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. விலங்கியல் டீச்சரிடம் போய் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அவை புழு அல்ல, குளவி. 2 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். நாம் பழம் என்று சொல்வது உண்மையில் ஒரு பை. பையின் உள்சுவரைச் சுற்றிப் பூக்கள். காயின் நுனியில் செதில்களால் மூடிய ஒரு சிறு துளை இருக்கிறது, அதைக் கண் என்பார்கள். காய் பிஞ்சாக இருக்கும்போது உள்ளே பெண் பூக்கள் மலரும், ஒரு மணம் வெளியே கசியும். அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குளவி வரும். கண்ணின் செதில்களுக்கிடையே நெருக்கிக்கொண்டு நுழையும்போது அதன் இறகுகள் ஒடிந்துபோகும். இனி வெளியே வர முடியாது. தான் பிறந்த காயிலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தை உள்ளே இருக்கும் பூக்களில் சேர்க்கும், சில பூக்களின் சூலகத்தில் முட்டையிடும், அங்கேயே சாகும்.

முட்டை வைத்த பூக்களில் குஞ்சு வளரும். மற்றப் பூக்களில் விதை விளையும். சில வாரம் கழித்து முதலில் வெளிவருவது ஆண் குளவிகள். அவற்றுக்கு இறகே கிடையாது. பெண் குளவிகள் இன்னும் தத்தம் பூவுக்குள் அடைந்திருக்கும்போதே அவற்றோடு இணைந்துவிட்டு, பிறகு காயின் சுவரைக் கடித்து ஒரு வழி திறக்கும். வெளி உலகத்தை ஒரு கணமும் அனுபவிக்காமல் உள்ளேயே பெரும்பாலும் செத்துவிடும். அதே நேரத்தில் ஆண் பூக்கள் மலர்ந்து மகரந்தம் தயாராக இருக்கும். பெண் குளவிகள் அதை அள்ளிக்கொண்டு அந்த வழியாகப் பறந்து வேறு மரம் தேடிப் போகும். அவற்றுக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். எல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் பழம் கனிந்து சிவக்கும். நாம் பிட்டுப் பார்ப்பது விருந்து முடிந்த பந்தலை.

ஆல், அரசு, இத்தி, அத்தி எல்லாம் ஒரே பேரினம். உலகம் முழுவதும் 700க்கும் மேற்பட்ட வகைகள், பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குளவி. ஆலமரத்துக் குளவிக்கு அத்தியில் வேலை இல்லை. குளவி அழிந்தால் அந்த மரத்துக்கு விதை இல்லை, மரம் அழிந்தால் அந்தக் குளவிக்கு வீடு இல்லை.

அப்படியென்றால் பழமொழி பொய்யா?

பொய் இல்லை. உள்ளே ஏதோ ஊர்கிறது என்று கண்டவன் சரியாகத்தான் கண்டிருக்கிறான். அதனால் பழம் கெட்டது என்று தீர்ப்புச் சொன்னதுதான் அவசரம். புழு என்று அவன் அருவருத்தது இல்லாவிட்டால் அந்த மரத்துக்கு விதை இல்லை. பிட்டுப் பார்த்தான், ஆனால் பிட்டதோடு நிறுத்திவிட்டான். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்க வேண்டும், என் மாணவி பார்த்ததுபோல.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கீழே விழுந்து கிடக்கும் பழத்தில் எறும்பு, வண்டு, ஈயின் புழு எல்லாம் நிஜமாகவே புகுந்துவிடும். அந்தப் பழத்தைப் பொறுத்தவரை பழமொழி எழுத்துக்கு எழுத்து உண்மை.

"அத்தி பூத்தாற்போல" என்கிறோமே, அந்த அத்தியும் இதுதானா?

இதே மரம்தான். எப்போதாவது ஒருமுறை வீட்டுக்கு வருகிற உறவினரை "அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்கள்" என்கிறோம். அத்தி அபூர்வமாகப் பூக்கும் என்பது நம்பிக்கை. எனக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பிடிக்கும்.

அத்தி ஆண்டில் பலமுறை பூக்கிறது. நம் கண்ணுக்கு நேரே, அடிமரம் முழுக்கப் பூக்கிறது. ஒவ்வொரு காய்க்குள்ளும் நூற்றுக்கணக்கில் பூ. காய் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததே பூங்கொத்துதான், உள்பக்கமாகத் திருப்பிய பூங்கொத்து. வெளியே இதழ் தெரியாததால் பூக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். பழத்தை அழகு என்று நம்பி ஏமாந்ததாக ஒரு பழமொழி சொல்கிறது. பூவே இல்லை என்று நம்பி ஏமாந்தது அடுத்த வழக்கில் அப்படியே பதிந்துபோயிருக்கிறது. இரண்டாவது ஏமாற்றத்தை நாம் இன்னும் கண்டுகொள்ளவே இல்லை.

ஒரு மரம் காய்க்கும்போது பக்கத்து மரம் காய்க்காது, ஆளுக்கொரு காலம். அதனால் காட்டில் எந்த மாதமும் எங்காவது ஓர் அத்தியோ ஆலோ பழுத்திருக்கும். களக்காடு முண்டந்துறைக் காடுகளில் குரங்குகளுக்கும் பழந்தின்னி வௌவால்களுக்கும் பறவைகளுக்கும் மற்றப் பழங்கள் இல்லாத மாதங்களில் இவைதான் சோறு. அவை பழத்தின் அழகைப் பார்த்தும் ஏமாறுவதில்லை, பூச்சியைப் பார்த்தும் முகம் சுளிப்பதில்லை.

கடையில் கயிற்றில் கோத்து விற்கும் உலர் அத்தியிலும் குளவி இருக்குமா?

அது சீமை அத்தி, வேறு இனம். அதன் பல வகைகள், நம் சந்தைக்கு வரும் புனே அத்தி உட்பட, குளவி இல்லாமலேயே காய்க்கும். துருக்கியின் ஸ்மிர்னா வகை மட்டும் பிடிவாதம். அதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் வளர்ந்தது, பிஞ்சு பிடித்தது, எல்லாம் உதிர்ந்தது. 1899இல் குளவியையும் வரவழைத்துக் குடியேற்றிய பிறகுதான் பழம் நின்றது. அந்த வகையிலும் குளவி நுழைந்தால் முட்டையிட இடம் கிடைக்காமல் இறந்து, பழத்தின் நொதிகளில் கரைந்துவிடும். பல்லில் நறநறப்பது விதைதான். நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

அத்தி மரமும் ஏமாற்றுமா?

நன்றாகவே ஏமாற்றும். இலேசான, மென்மையான மரம். நிலையோ கதவோ செய்தால் பூச்சி அரித்துவிடும் என்று தச்சர்கள் தொடமாட்டார்கள். ஆனால் தண்ணீருக்குள் போட்டால் நெடுங்காலம் கிடக்கும். கிணறு கட்டும்போது அடியில் வைக்கிற மர வளையத்துக்கு அத்தியைப் பயன்படுத்தியது அதனால்தான். காஞ்சிபுரத்தில் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எடுத்துத் தரிசனத்துக்கு வைக்கும் அத்திவரதரும் இந்த மரம்தான். 1979க்குப் பிறகு 2019இல் வெளியே வந்தார்.

"மின்னுவதெல்லாம் பொன்னல்ல" என்பதும் இதுவும் ஒன்றா?

தேர்வுக்கு ஒன்று. பேச்சில் ஒன்றல்ல. "மின்னுவதெல்லாம் பொன்னல்ல", "வெளுத்ததெல்லாம் பாலல்ல" இரண்டும் ஒன்றை இன்னொன்றாக எண்ணி ஏமாறுவதைச் சொல்கின்றன. அத்திப்பழம் அப்படியல்ல. அது அத்திப்பழமேதான், உள்ளே வேறு கதை இருக்கிறது.

"ஆளைக் கண்டு மயங்காதே, ஊது காமாலை" என்பது இன்னும் கொடுமையானது. உடம்பு பூசினாற்போல் இருப்பதைச் செழிப்பு என்று நினைக்கிறோம், அது நோயின் வீக்கம். இப்போதெல்லாம் இதை அதிகம் கேட்க முடிவதில்லை.

வள்ளுவர் குன்றிமணியை எடுத்துக்கொண்டார். "புறங்குன்றி கண்டனைய ரேனும் அகங்குன்றி / மூக்கிற் கரியார் உடைத்து" (குறள் 277). குன்றிமணிபோல் வெளியே சிவந்து செம்மையாகத் தோன்றுவார்கள், உள்ளமோ அதன் மூக்கைப் போலக் கறுப்பு. கூடாவொழுக்கம் அதிகாரம், போலித் துறவிகளுக்காகச் சொன்னது. தட்டார்கள் தங்கத்தை நிறுக்கப் பயன்படுத்திய அதே மணிதான். அதன் பருப்பில் கொடிய நஞ்சும் இருக்கிறது. குழந்தைகள் பல்லாங்குழிக்கு எடுத்தால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் அவரிடமே குறள் உண்டு: "உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு / அச்சாணி அன்னார் உடைத்து" (667). ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் அசையும்போது எல்லாக் கண்ணும் மேலே அலங்காரத் துணியில் இருக்கும். சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்த்தால்தான் இந்தக் குறள் புரியும்.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்றும் சொல்கிறோமே. எதை நம்புவது?

பழமொழிகள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டுதான் வாழ்கின்றன. எனக்கு இந்தக் கேள்வி வந்தால் மங்குஸ்தானைக் காட்டுவேன். சீசன் நாளில் குற்றாலத்தில் கிடைக்கும். பழத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். காம்புக்கு எதிர்ப்பக்கம் சின்னப் பூ ஒட்டியதுபோல் ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. ஆறு இதழ் என்றால் ஆறு சுளை. உடைத்து எண்ணிக்கொள்ளுங்கள், தப்பாது. அகம் முகத்தில் தெரிகிறது.

ஆனால் அந்தச் சுளையில் மஞ்சள் பால் இறங்கிக் கசக்கிறதா என்பதை மட்டும் வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள்.

பிட்டுப் பார்த்து வாங்க வேண்டிய பொருள் உங்கள் பக்கம் ஏதாவது உண்டா?

கருப்பட்டி. சந்தேகமே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. ஒரு பெட்டியில் அழுக்கு நிறத்தில், மேலே சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. பக்கத்துப் பெட்டியில் ஒரே அளவில், வழவழவென்று, சிரட்டையில் வார்த்த அச்சு மாறாமல் இருந்தது. விலையும் ஐந்து ரூபாய் குறைவு. படித்தவள் எதை வாங்குவாள்?

அம்மா பொட்டலத்தைப் பிரித்து ஒன்றும் சொல்லாமல் ஒரு கருப்பட்டியை எடுத்து அம்மிக் கல்லின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டாகப் பிளந்தது. பிளந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டினாள். பொடிப் பொடியாக மின்னியது. "சீனி" என்றாள். அசல் கருப்பட்டியை உடைத்தால் உள்முகம் மங்கலாகத்தான் இருக்கும், பளபளக்காது. நாக்கில் வைத்தால் இனிப்போடு ஒரு கரிப்பும் புகை வாசமும் மெல்ல வரும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரைக் காய்ச்சிய பொருளுக்கு அந்த வாசம் இல்லாமல் எப்படி இருக்கும்? சீனி கலந்தது தண்ணீரில் சீக்கிரம் கரையும். அசல் பிடிவாதமாகக் கிடந்து கரையும், அடியில் கொஞ்சம் மண்ணும் தங்கும். மண் தங்கினால் சந்தோஷப்படுங்கள்.

இப்போது உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நல்லதுதான். இருந்தாலும் நான் கடையில் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லித்தான் வாங்குகிறேன். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"அல்வா கொடுத்த" ஊர்க்காரர் ஏமாற்றத்தைப் பற்றிப் பேசலாமா?

இதையும் கேட்கிறார்கள், என்ன செய்வது! ஏமாற்றுவதற்கு எங்கள் ஊர்ப் பண்டத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மங்கிய விளக்கொளியில் வியாபாரம் நடந்ததாலேயே இருட்டுக்கடை என்று பெயர் பெற்ற கடையின் முன்னால் சாயங்காலம் நிற்கிற வரிசையைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். அலங்காரத்தை நம்பி அந்த வரிசையில் நிற்பவர் எவரும் இல்லை.

அத்திப்பழத்தைத் தின்னலாமா?

தின்னலாம். மரத்திலிருந்து பறித்த பழமாக இருக்கட்டும். இரண்டாகப் பிளந்து, உள்ளங்கையில் தட்டி, ஊதிவிட்டு, தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும். சீமை அத்தியின் இனிப்பை எதிர்பார்க்காதீர்கள். காயைப் பிளந்து, விதையைக் கழுவி, கூட்டு வைப்பார்கள். மோரில் ஊறவைத்து வற்றலும் போடுவார்கள். என் ஆச்சியின் ஆலோசனை: "பழத்தை விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் தின்றுவிடு."

பிள்ளைகளுக்கு இதை நேரில் காட்ட வேண்டும். எப்படி?

பழத்தைத் தேடிப் போகாதீர்கள், பிஞ்சைத் தேடுங்கள். ஆற்றங்கரையில் அத்தி நிற்கிற இடத்தை அங்கே துணி துவைப்பவர்களைக் கேட்டால் காட்டுவார்கள். கைக்கெட்டும் உயரத்திலேயே, அடிமரத்தில், சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பிஞ்சுகள் இருக்கும். ஒரு பூதக்கண்ணாடி வேண்டும், பத்து ரூபாய்ப் பிளாஸ்டிக் ஒன்று போதும். பிஞ்சின் நுனியில் உள்ள கண்ணைப் பாருங்கள். பத்துப் பிஞ்சு பார்த்தால் ஒன்றிலாவது, மூடிய செதில்களுக்கு நடுவே, கண்ணாடித் துணுக்கு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் இலேசாக ஆடும். உள்ளே போனவள் வாசலில் விட்டுப் போன இறகு அது.